மருத்துவமனைப் பிழைகளும் பரிகாரமும்

1992ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள் மாலை, மேற்கு வங்காளத்தின் மதுராப்பூர் ரயில் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த காயம். முதலில் அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். அங்கே அதற்குரிய வசதி இல்லை. பின்னர் கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பியனுப்பின. ஓரிடத்தில் படுக்கை காலியில்லை. மற்றோரிடத்தில் வேண்டிய சாதனம் இல்லை. மறுநாள் தனியார் மருத்துவமனை ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. சுமார் இரண்டு வாரம் அங்கிருந்து, ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் உயிர் பிழைத்தார்.

அவரும் அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கமும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 1996ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவமனை உரிய காலத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதி வசதியின்மையைக் காரணம் காட்டி இக்கடமையிலிருந்து அரசு விலக முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அத்தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று.

இத்தீர்ப்பை வழக்கறிஞர்கள் பலமுறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனை நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய செய்தி இதில் வேறொன்று உண்டு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மாநில அரசு வாளாவிருக்கவில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அக்குழு பொறுப்பானவர்களைச் சுட்டிக்காட்டியது. படுக்கை இல்லாவிட்டால் தரையிலோ தள்ளுகட்டிலிலோ வைத்தாவது அவசர நோயாளியைக் கவனிக்க வேண்டும், அவரைப் பார்த்த மருத்துவரின் பெயர் பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட வேண்டும், எந்த மருத்துவமனையில் படுக்கை உள்ளது என அறிய ஒரு மைய ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. யாவும் நல்ல பரிந்துரைகள். பிழை ஆராயப்பட்டது, திருத்தமும் வகுக்கப்பட்டது. ஆயினும், பாதிக்கப்பட்டவருக்கு அவர் செலவிட்ட தொகையேனும் கிடைப்பதற்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் மருத்துவமனைப் பிழைக்குப் பரிகாரம் என்றாலே வழக்கு, தீர்ப்பு, தொகை என்ற வரிசை நம் மனத்தில் எழுகிறது. இவை மூன்றும் தேவையே. ஆனால் பாதிக்கப்பட்டவர் கேட்பவற்றுள் பெரும்பாலானவற்றை நீதிமன்றத்தால் தர இயலாது. என்ன நடந்தது என்ற உண்மையை அன்றே சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, தொடர் சிகிச்சையைத் தன் பொறுப்பில் ஏற்பது, அடுத்தவருக்கு அது நேராமல் தடுப்பது ஆகியவற்றை மருத்துவமனை ஒன்றே செய்ய முடியும். அதுவும் காலம் தாழ்த்தாமல் செய்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு.

சிறு பிழைகள்

பிழை என்றதும் அறுவைக் கத்தியையே நினைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் நிகழ்பவை சிறு பிழைகளே. இரத்தப் பரிசோதனை முடிவு காணாமற் போகிறது. ஸ்கேன் எடுக்க வரச் சொன்ன நாளில் சாதனம் பழுது. கட்டணச் சீட்டில் வாங்காத மருந்துக்கு விலை. வார்டில் ஒரு கடுஞ்சொல். இவற்றால் உயிர் போவதில்லை. ஆனால் ஒரு நாட்கூலி போகிறது, பேருந்துக் கட்டணம் போகிறது, மருத்துவமனையின்மீது இருந்த நம்பிக்கையும் போகிறது. அடுத்த முறை அந்நோயாளி காலந்தாழ்த்தி வருகிறார், அல்லது வராமலே இருந்துவிடுகிறார். காசநோய் போன்று பல மாதங்கள் இடைவிடாது மருந்துண்ண வேண்டிய நோய்களில் இதன் விளைவு அவர் ஒருவரோடு நிற்பதில்லை.

என் சிற்றப்பாவுக்கு எழுபது வயதில் குடலிறக்க அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். முன்னிரவு முதல் பட்டினி. காலை எட்டு மணிக்கு அழைப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. பிறகு வார்டுப் பணியாளர் ஒருவர் வந்து, “இன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் தம்பி சண்டைக்கு ஆயத்தமானான். அப்பொழுது தலைமைச் செவிலியர் வந்து கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஐயா, ஒரு பிரசவ கேஸ் அவசரமாக வந்தது. மயக்க மருந்து டாக்டர் ஒருவர்தான், அங்கே போய்விட்டார். உங்களுக்கு இன்றைக்கு நடக்காது என்பது காலை பத்து மணிக்கே எங்களுக்குத் தெரியும். அப்போதே சொல்லி உங்களை ஒரு வாய் காபியாவது குடிக்க வைத்திருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தப்பு” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக அவர் பெயரைத் தாமே எழுதி வைப்பதாகவும் கூறினார். சிற்றப்பா கேட்டது ஒன்றே: “அந்தப் பெண் பிழைத்தாளா?” செவ்வாயன்று அதே மருத்துவமனைக்குத்தான் போனோம்.

அறுவை தள்ளிப்போனது தவறன்று. அதை நான்கு மணி நேரம் சொல்லாதிருந்தது தவறு. செவிலியர் இவ்விரண்டையும் பிரித்துச் சொன்னார். நடந்ததற்குக் காரணம் கூறினார். தம்முடைய பங்கை மட்டும் மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். அடுத்து நடக்கப் போவதை நாளுடன் சொன்னார். இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. ஆனால் அவர் இதை எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை என்பதே கவலைக்குரியது. அன்று அவர் விடுப்பில் இருந்திருந்தால் தம்பியின் சண்டைதான் நடந்திருக்கும்.

வணிக நிர்வாக அறிஞர்கள் சிலர், பிழை நேர்ந்து அது செவ்வனே சரிசெய்யப்பட்ட வாடிக்கையாளர், பிழையே நேராதவரைக் காட்டிலும் அதிக மனநிறைவு கொள்கிறார் என எழுதியிருக்கிறார்கள். உணவு விடுதிக்கும் விமான நிறுவனத்துக்கும் இது ஓரளவு பொருந்தலாம். மருத்துவமனைக்கு இதைச் சூத்திரமாகக் கொள்வது தகாது. இழந்த கண்ணை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது.

இலவச நோயாளிக்கு எந்த வாசல்?

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைக்கும் பொருந்துமா என்ற ஐயத்தை 1995ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. கட்டணம் பெறும் மருத்துவமனைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளில் இருசாராருமே நுகர்வோர்தாம். ஆனால் அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை இதில் அடங்காது. பெயரளவில் வாங்கப்படும் பதிவுக் கட்டணமும் நிலைமையை மாற்றாது. பழைய சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இலவசச் சேவையை விலக்கியே வைத்துள்ளது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் செலுத்தியவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்ற, ஒப்புநோக்க எளிதான, வாசல் உண்டு. முற்றிலும் இலவசமான மருத்துவமனைக்குச் செல்லும் ஏழைக்கு அது இல்லை. அவருக்கு உள்ளவை உரிமையியல் வழக்கும், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற ரிட் மனுக்களுமே. உரிமையியல் வழக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஔரங்காபாத் வழக்கு சான்று. 1963ஆம் ஆண்டு ஜூலையில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண் ஒருவரின் வயிற்றினுள் துணி விடப்பட்டது. மறு அறுவையில் அது கண்டெடுக்கப்பட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். குடும்பத்துக்கு 36,000 ரூபாய் வழங்குமாறு கீழ் நீதிமன்றம் கூறியதை உயர் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநாட்டியது 1996ஆம் ஆண்டில். தாய் இறந்து ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

சமரசப் பேச்சுக்கும் சட்டத்தில் வழி குறுகலே. நுகர்வோர் ஆணையங்களுடன் சமரச மையங்களை இணைக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. ஆயினும் 2020ஆம் ஆண்டின் சமரச விதிகள், கொடுங்காயத்திலோ மரணத்திலோ முடிந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பலாகாது எனத் தடுத்துள்ளன. வறியவர்மீது அழுத்தம் கொடுத்துச் சிறு தொகையில் முடித்துவிடக் கூடாது என்பது இதன் நோக்கமாக இருக்கலாம், அந்நோக்கம் நியாயமானதே. ஆனால் ஆணையத்தில் இவ்வாறு பேச முடியாது என்றால், இரு தரப்பினரும் முகம் பார்த்துப் பேசக்கூடிய இடம் மருத்துவமனை ஒன்றுதான் எஞ்சுகிறது.

மௌனத்தின் காரணம்

அங்கு ஏன் பேசுவதில்லை? மருத்துவர்களைக் கேட்டால், “வருத்தம் என்று ஒரு சொல் சொன்னால் அதுவே நாளை சாட்சியமாகும்” என்பார்கள். இவ்வச்சத்தை வெறும் சாக்கு என ஒதுக்கிவிட முடியாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மருத்துவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அது இரண்டாண்டு வரை நீளலாம். ஆனால் 2005ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், குற்றவியல் பொறுப்புக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றும், மற்றொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெறாமல் வழக்கை மேற்கொள்ளலாகாது என்றும் வரையறுத்துள்ளது. நேர்மையான கணிப்புப் பிழைக்காக எவரும் சிறை செல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வருத்தம் தெரிவிப்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது எனத் தெளிவாகக் கூறியது. அதன் பின்னர் 2014இல், கடுமையான தீங்கு நேர்ந்தால் அதை நோயாளிக்கு அறிவித்து, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தருவது அந்நாட்டு அரசு மருத்துவமனைகளின் சட்டக் கடமையாக்கப்பட்டது. முதலில் அச்சத்தை நீக்கிவிட்டுப் பின்னர் கடமையை விதித்த இவ்வரிசை கவனிக்கத்தக்கது. இதுபோன்று மருத்துவமனை மன்னிப்புக்கென்றே ஒரு சட்டக் காப்பு நம் நாட்டிலும் வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. நிகழ்ந்ததை உள்ளபடி கூறுவதையோ துயரத்தில் பங்கு கொள்வதையோ எச்சட்டமும் தடை செய்யவில்லை. மௌனமும் பாதுகாப்பன்று. உறவினரிடம் ஒருவரும் பேசாத நேரத்தில்தான் ஐயம் வளர்கிறது. மருத்துவர்கள் தாக்கப்படும் நிகழ்ச்சிகள் சிலவற்றின் முதற்பொறி இதுவே.

ஆவணங்களை மறைப்பதும் இம்மௌனத்தின் ஒரு பகுதி. நோயாளியோ அவருடைய உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. கேஸ் ஷீட்டின் நகலுக்காக ஒரு விதவையை மூன்று முறை அலைய வைத்துவிட்டு, நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

இழப்பீடு மட்டும் போதுமா?

குற்றம் யாருடையது என நிறுவாமலே பணம் வழங்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஹரியானாவில் 1988இல் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஏழைப் பெண்ணொருவருக்கு ஒரு பக்கக் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது. 1991இல் அவருக்கு மீண்டும் குழந்தை பிறந்தது. அவருக்கு இழப்பீடு அளிக்கும் பொறுப்பு அரசுடையதே என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில்தான் முடிவு கூறியது. இத்தகைய வழக்குகள் பெருகிய பின்னர், உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2005ஆம் ஆண்டு மத்திய அரசு குடும்ப நலக் காப்பீட்டு ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. கருத்தடை அறுவையால் மரணமோ, சிக்கலோ, அறுவை பலிக்காமையோ ஏற்பட்டால், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே வரையறுத்த தொகை கிடைக்கும். மருத்துவருக்கு வழக்கு வந்தாலும் அதே ஏற்பாடு துணை நிற்கும். 2013 முதல் மாநிலங்களே இதை நேரடியாக நடத்துகின்றன. நோயாளியையும் மருத்துவரையும் எதிரெதிரே நிறுத்தாத இம்முறை பாராட்டத்தக்கது.

எனினும் இதே துறையில்தான் 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில், இரவில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கருத்தடை முகாம்களுக்குச் சென்ற பெண்களில் 13 பேர் இறந்தார்கள். இழப்பீட்டுத் திட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்ததே தவிர, ஒவ்வொரு இழப்பீட்டு மனுவும் ஓர் எச்சரிக்கை என்று எண்ணி முகாம் முறையைத் திருத்தும் ஏற்பாடு வலுப்பெறவில்லை. இவ்வகை முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிடுமாறு 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. கல்கத்தா நிகழ்ச்சியில் திருத்தம் வந்தது, ஆளை மறந்தார்கள். இங்கே ஆளுக்குத் தொகை வந்தது, திருத்தத்தை மறந்தார்கள்.

மற்றொரு விதியும் நமக்கு வழிகாட்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையில் பங்கேற்றவருக்குத் தீங்கு நேர்ந்தால் முதலில் இலவசச் சிகிச்சை தொடங்க வேண்டும். தீங்குக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்று தெளிவாகும்வரை அது நிறுத்தப்படலாகாது. முதலில் சிகிச்சை, பின்னர் விசாரணை. இதே நெறியைச் சாதாரண வார்டுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை? ஊசி போட்ட கையில் சீழ் பிடித்த நோயாளியிடம், அது யார் தவறு எனத் தீரும்வரை கட்டுப்போடும் செலவை வசூலித்துக்கொண்டிருப்பது முறையன்று.

செய்யக்கூடியவை

பெரிய அமைப்பொன்றைப் புதிதாக நிறுவ வேண்டிய அவசியமில்லை. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 1990களின் நடுவில் தோன்றிய நோயாளர் நலச் சங்கம் என்ற ஏற்பாடு, 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. அதில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் செலவிடக்கூடிய சிறு நிதியும் உண்டு. சுவருக்கு வண்ணம் பூசவும் நாற்காலி வாங்கவும் செலவாகும் அந்நிதியிலிருந்து, மருத்துவமனையின் தவறால் வீணாக வந்து திரும்பியவருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒருவேளை உணவும் கொடுக்க ஏன் அனுமதிக்கக் கூடாது? தொகை அற்பமாயினும், தவறு எங்களுடையது என்பதற்கு அது சான்று. அவ்வாறு கொடுத்த கணக்கை மாதந்தோறும் சங்கக் கூட்டத்தில் வைத்தால், எந்தப் பிரிவில் எது அடிக்கடி பழுதாகிறது என்பது தானே வெளிப்படும்.

யார் பேச வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். சிறு பிழையாயின் அப்பிரிவில் அந்நேரம் மூத்தவராக இருப்பவர் உடனே பேச வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருத்தல் ஆகாது. பெரும் தீங்காயின் சிகிச்சை அளித்த மருத்துவரும் கண்காணிப்பாளரும் சேர்ந்து, கதவருகே நின்றபடியல்லாமல் உட்கார்ந்து பேச வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது எனவும், ஆராய வேண்டியதை ஆராய வேண்டியது எனவும் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவர்மீதோ, அங்கில்லாத செவிலியர்மீதோ பழியைச் சுமத்துவது கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும். மொழியும் முக்கியம். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும், தில்லிக்குப் பீகாரிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவருக்கு விளங்காத மொழியில் விளக்கம் சொன்னால் அது கோப்புக்காகச் சொன்னதாகவே முடியும்.

2016இல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டம் நோயாளிகளிடம் குறுஞ்செய்தி, தொலைபேசி வழியாகக் கருத்துக் கேட்கிறது. மருத்துவமனை தன் குறைகளை அறிய இது உதவும். குறை கூறியவருக்குப் பதில் சொல்வது வேறு பணி. 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், ரொக்கமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டிய மருத்துவமனை பயனாளியிடம் பணம் வசூலித்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். 14555 என்ற எண்ணில் முறையிடலாம். இத்தகைய வேளைகளில் முறையீடு வரும்வரை காத்திராமல், கணக்கைச் சரிபார்த்த மருத்துவமனை தானே முன்வந்து தொகையை அனுப்பி வைக்குமானால் அதன் மதிப்பு வேறு.

இறுதியாக, ஆராய்ச்சி முடிந்தபின் எழுதும் கடிதம். பெரும்பாலும் இது எழுதப்படுவதேயில்லை. குழு கூடுகிறது, அறிக்கை இயக்குநரகத்துக்குச் செல்கிறது, ஒருவருக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை போகிறது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு பக்கம் போதும். அவர்களுடைய மொழியில், என்ன நடந்தது, எதனால் நடந்தது, அதற்குப் பின் வார்டில் எது மாற்றப்பட்டது என்பதை எழுதி, கண்காணிப்பாளர் தம் பெயரிட்டுக் கையொப்பமிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீடாயின், அந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் நேரில் சென்று அதைப் படித்துக் காட்டலாம்.